கார் படுத்திருச்சு, முதல்ல எதை மாத்தறது?

முன்னாடியே சொல்லிடறேன். நான் மெக்கானிக் இல்லை. ஈரோட்டுல பி.காம் மூணாம் வருஷம் படிக்கிற பையன். ஸ்பேனர் பிடிச்சதை விட கால்குலேட்டர் பிடிச்சதுதான் அதிகம். ஆனா போன ரெண்டு மாசமா எங்க வீட்டுல ஓடின ஒரு பஞ்சாயத்துல, காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சதுக்கு முதல் தடவையா ஒரு பிரயோஜனம் கிடைச்சது. அதைத்தான் எழுதப் போறேன். கார் இல்லாதவங்களும் படிக்கலாம், தப்பில்லை :-)

எங்க அப்பாவுக்கு மஞ்சள் மண்டி. 2014-ல ஒரு நல்ல சீசன் முடிஞ்ச சூட்டோட, திருப்பூர்க்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டுல ஒரு ஜெர்மன் கார் வாங்கினார். 2004 மாடல். கம்பெனி பேர் வேண்டாம். நீளமான செடான், உள்ளே உக்காந்தா வெளியில மழை பெய்யறது கூடக் காதுல விழாது, அவ்வளவு போதும். அதுல இருந்து எங்க தெருவுல எங்க வீட்டுக்குப் பேரே 'பெரிய கார் வீடு'. மண்டி நல்லா ஓடின வருஷமும் சரி, ஓடாத வருஷமும் சரி, வாசல்ல அந்தக் கார் நின்னா போதும், அப்பா நிமிர்ந்து நடப்பார்.

இப்ப அந்தக் காருக்கு இருபது வயசு தாண்டிருச்சு. போன ஆடி மாசத்துல இருந்து காலையில எந்திரிச்சுப் பார்த்தா முன்பக்கம் வலது மூலை தரையோட தரையா படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் பண்ணினா எங்கேயோ 'கொர்ர்ர்'னு ஒரு மோட்டார் ஓடி, ஒரு நிமிஷத்துல மெதுவா எந்திரிக்கும். வயசான எருமை எந்திரிக்கற மாதிரியே இருக்கும். பக்கத்து வீட்டு ஆத்தா ஒருநாள் கேட்டே விட்டாங்க: "ஏஞ்சாமி, உங்க காரு ஏன் இப்படி உக்காந்துக்கிட்டு கெடக்குது? மேலுக்கு ஆகலையா?"

அப்பாவுக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை.

ஏன் படுக்குதுன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். சாதாரணக் காருக்கு சுருள் ஸ்பிரிங். எங்க அப்புச்சி வெச்சிருந்த அம்பாசடருக்கு முன்னாடி டார்ஷன் பார், பின்னாடி லாரி மாதிரி பட்டை. ரெண்டும் இரும்பு, சீக்கிரத்துல சாகாது. சொகுசுக் கார்கள்ல இரும்புக்குப் பதிலா ரப்பர் பையில காத்து அடைச்சு அதையே ஸ்பிரிங்கா வெச்சிருப்பாங்க. இது புதுசும் இல்லை. 1957-லயே கேடிலாக் எல்டொராடோ பிரோம்ல காத்து சஸ்பென்ஷன் வந்தாச்சு. அது ஓயாம ஒழுகித் தொல்லை கொடுத்ததால நிறைய ஓனர்கள் கழட்டிப் போட்டுட்டு சாதா ஸ்பிரிங்குக்கு மாறிட்டாங்கங்கறது தனிக் கதை. அப்புறம் 1998-ல வந்த பென்ஸ் எஸ் கிளாஸ், 2002-ல வந்த ஆடி ஏ8 எல்லாம் நாலு சக்கரத்துக்கும் காத்துலயே ஓட ஆரம்பிச்சது. மேடு பள்ளம் தெரியாது, கப்பல் மாதிரி போகும். ஆனா ரப்பர் ரப்பர்தானே? பத்துப் பதினஞ்சு வருஷ வெயில்ல வெடிப்பு விடும், காத்து கசியும், வண்டி படுத்துக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கோவையில பீளமேடு பக்கம், இந்த மாதிரி கார்களை மட்டும் பார்க்கற ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். அவங்க கொடுத்த எஸ்டிமேட் இது:

முன்பக்க ஏர் ஸ்ட்ரட் ரெண்டு - 1,90,000
கம்ப்ரஸர், ரிலே - 72,000
முன்பக்கக் கீழ் பால் ஜாயிண்ட், ஆர்ம் (ரெண்டு பக்கமும்) - 54,000
பின்பக்க லிங்க், புஷ் - 48,000
டயர் நாலு - 60,000
லேபர், அலைன்மென்ட் - 36,000

மொத்தம் 4,60,000 ரூபாய். எங்க ஊர் கார் புரோக்கர் அந்தக் காருக்கே நாலு, நாலரை லட்சத்துக்கு மேல சொல்லலை. அதாவது காரை விட காருக்கு வைத்தியம் ஜாஸ்தி. அப்பா கையில அப்ப இருந்தது ஒன்றரை லட்சம். அதுவும் சும்மா இருந்த பணம் இல்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சு, ஐப்பசியில உறுதி வார்த்தை வெச்சிருந்தாங்க (எங்க பக்கம் நிச்சயதார்த்தத்துக்கு அதுதான் பேர்). அந்தச் செலவுக்குன்னு எடுத்து வெச்சதுல மிச்சம் பிடிச்ச ஒன்றரை.

அப்பாவோட முடிவு ரொம்பத் தெளிவு. "மாப்பிள்ளை வீட்டுல காங்கேயத்துல இருந்து இருபது பேர் வர்றாங்க. அன்னிக்கு வாசல்ல காரு படுத்துக் கிடக்கக் கூடாது. ஸ்ட்ரட்டை மாத்து. மத்ததெல்லாம் அப்புறம்."

ஒன்றரை லட்சத்துல ரெண்டு ஸ்ட்ரட் வராது. ஒண்ணு மாத்தி, லேபர் கொடுத்து, மிச்சத்துக்குக் கடன் சொல்லிக் கம்ப்ரஸரும் போடறதா பிளான்.

அப்பதான் ஒர்க்‌ஷாப்ல இருந்த அண்ணன் ஒருத்தர் என்னை மட்டும் தனியா கூப்பிட்டார். முன் சக்கரத்தை ஜாக்கியில தூக்கி வெச்சிருந்தார். "தம்பி, மேல ஒரு கை, கீழ ஒரு கை வெச்சு ஆட்டிப் பாருங்க"ன்னார். கடிகாரத்துல 12-லயும் 6-லயும் பிடிக்கற மாதிரி பிடிச்சு ஆட்டினேன். 'டக் டக்'னு ஆடுச்சு. டயருக்கு அடியில கம்பி கொடுத்து நெம்பினார். கீழே ஜாயிண்ட் மேலும் கீழும் ஏறி இறங்கறது கண்ணுக்கே தெரிஞ்சது.

"காத்து போனா வண்டி படுக்குமுங்க. இது போனா சக்கரம் படுக்கும். அவ்வளவுதானுங்க வித்தியாசம்"னார்.

பால் ஜாயிண்ட்ங்கறது நம்ம தோள்மூட்டு மாதிரி. ஒரு குமிழ், அது சுத்தறதுக்கு ஒரு கிண்ணம். சக்கரம் மேலயும் கீழயும் போகணும், ஸ்டியரிங்குக்கு ஏத்த மாதிரி திரும்பவும் செய்யணும். ரெண்டையும் விடற மூட்டு அது. மேல மூடியிருக்கற ரப்பர் உறை கிழிஞ்சு தண்ணியும் மண்ணும் உள்ளே போனா கிரீஸ் போயிடும், இரும்பும் இரும்பும் தேயும். தேய்மானம் ஒரு அளவைத் தாண்டினா குமிழ் கிண்ணத்துல இருந்து கழண்டு வந்துடும். கழண்டா சக்கரம் வெளிப்பக்கமா மடங்கி, வண்டி முன்னாடி இறங்கி உக்காரும். ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது. பிரேக் ஹோஸும் அத்தோட பிய்ஞ்சுக்கலாம். பெருந்துறை தாண்டி நாலுவழிச் சாலையில நூறுல போகும்போது இது நடந்தா என்ன ஆகும்னு நான் எழுதத் தேவையில்லை.

இதுல கொடுமை என்னன்னா, வாசல்ல நிக்கும்போது இந்தப் பழுது தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டு ஆத்தா கேக்க மாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கவனிக்க மாட்டாங்க. பள்ளத்துல இறங்கும்போது லேசா ஒரு 'டொக்'. அதுக்கும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சா சரியாப் போச்சு.

இங்கதான் நம்ம சிலபஸ் வருது. சரக்குக் கட்டுப்பாடுன்னு ஒரு பாடம் எல்லா பி.காம் பசங்களும் படிச்சிருப்போம். ஏ.பி.சி. முறை, வி.இ.டி. முறைன்னு ரெண்டு வரும். ஏ.பி.சி.யில பொருளை விலையை வெச்சுப் பிரிப்போம். ரொம்ப பணத்தை முழுங்கறது ஏ, அதுக்கு மேலதான் கண்ணு இருக்கணும். வி.இ.டி.யில விலையைப் பார்க்க மாட்டோம். அது இல்லேன்னா என்ன நிக்கும்னு பார்ப்போம். உயிர்நாடி, அவசியம், இருந்தா நல்லது. இந்த மூணுதான். அஞ்சு ரூபா வாஷரா இருந்தாலும் அது இல்லாம மிஷின் நிக்கும்னா அது உயிர்நாடி.

எங்க வீட்டுல நடந்தது சுத்தமான ஏ.பி.சி. எஸ்டிமேட்டுல பெரிய நம்பர் எதுவோ அதைச் சுத்தியே பேச்சு. 1,90,000 கண்ணுல பட்டது, 54,000 படலை. ரிப்பேர் விஷயத்துல ஏ.பி.சி.யைத் தூக்கிப் போட்டுட்டு வி.இ.டி.தான் போடணும்கறது என் கட்சி.

அன்னிக்கு ராத்திரி நோட்டுல எழுதினேன்.

உயிர்நாடி: பால் ஜாயிண்ட், ஆர்ம். விட்டா ஆள் போகும்.

அவசியம்: காத்து கசியற ஸ்ட்ரட். விட்டா இன்னொரு பார்ட் போகும். எப்படின்னா, கசிய கசிய கம்ப்ரஸர் ஓயாம ஓடி ஈடு கட்டும். அது கொஞ்ச நேரம் ஓடி நிறையநேரம் ஓய்வெடுக்கற மாதிரி செஞ்ச சாமான். ஓயாம ஓடினா சூடாகி தேயும். ரிலே உள்ளே ஒட்டிக்கிச்சுன்னா நிறுத்தாம ஓடி எரிஞ்சே போகும். அதனால கசிவை அடைக்காம புது கம்ப்ரஸர் போடறது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்கற கதை.

இருந்தா நல்லது: பின்பக்க லிங்க், புஷ். எங்க வண்டியில அது வெறும் சத்தமும் குலுக்கலும்தான்னு அந்த அண்ணன் பார்த்துச் சொன்னார். எல்லா வண்டிக்கும் அப்படி இருக்காது, நெம்பிப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்.

அடுத்து, எஸ்டிமேட்டுல எது நிஜமாவே கெட்டிருக்குன்னு ஒரு கேள்வி. சந்தேகம் வந்து கம்ப்ரஸரைச் சோதிச்சுப் பார்க்கச் சொன்னேன். உயர்த்தற பட்டனை அமுக்கினா வண்டி சிரமப்படாம ஏறுது. அப்ப அது நல்லாத்தான் இருக்கு. 72,000-ல ரிலே மட்டும் போதும், 1,500 ரூபா. கசிவு எங்கேன்னு பார்க்க சோப்புத் தண்ணி. பஞ்சர் கடையில டியூப்பைத் தொட்டியில முக்கற அதே டெக்னாலஜிதான் :-) மேல பைப் சேர்ற இடத்துல கசிஞ்சா செலவு கம்மி, வால்வு பிளாக்லயும் கசியலாம். எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை, வலது ஸ்ட்ரட் ரப்பர்லயே முட்டை விட்டுச்சு. இடது ஸ்ட்ரட்ல ஒரு முட்டை கூட இல்லை.

(ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையெல்லாம் வீட்டுல பண்ணினா வண்டிக்கு அடியில கையை விடாதீங்க. காத்து இறங்கினா வண்டி அப்படியே உக்காரும். ஸ்டாண்ட் போடாம யாரும் அடியில போகக் கூடாது.)

மூணாவது, வரிசை. டயர் உள்பக்கம் மட்டும் தேயுதுன்னா காரணம் டயர் இல்லை, ஆடற ஜாயிண்ட். முதல்ல புது டயர் போட்டா அதுவும் ஆறு மாசத்துல அதே மாதிரி தேயும். ஆர்ம் மாத்தணும், அலைன்மென்ட் பார்க்கணும், அப்புறம்தான் டயர். அலைன்மென்ட்டை முன்னாடியே பார்த்துட்டு ஆர்ம் மாத்தினா அந்தக் காசும் தண்டம்.

இப்படிப் போட்டா முதல் தவணைக்கு ஆர்ம், ஜாயிண்ட் 54,000, லேபர் 14,000, அலைன்மென்ட் 2,500, ரிலே 1,500, முன்பக்கம் ரெண்டு டயர் மட்டும் 30,000. ஆக 1,02,000. ஒன்றரையில 48,000 மீதி, அது ஸ்ட்ரட்டுக்கு அட்வான்ஸ். அமெரிக்காவுல ஆர்நாட் மாதிரி கம்பெனிகள் பழைய ஸ்ட்ரட்டை வாங்கி ரப்பர் மாத்திப் புதுப்பிச்சு விக்கறதையே தொழிலா வெச்சிருக்காங்க. அந்த மாதிரி கிடைச்சா செலவு இன்னும் குறையும்.

கணக்கு ஜோரா இருக்குல்ல? அப்பாகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். நோட்டை வாங்கிப் பார்த்துட்டு, "ஒரு லட்சம் போட்டும் காரு படுத்துத்தான் கெடக்கும்ங்கற?"ன்னு கேட்டார். ஆமாங்கப்பான்னேன். நோட்டை மூடிக் கொடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

அப்பா பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். பொண்ணைக் கட்டிக் கொடுக்கற வீட்டுக்கு வாசல் எவ்வளவு முக்கியம்னு இருபத்தோரு வயசுல எனக்கு என்ன தெரியும்? மண்டித் தொழில்ல ஒருத்தர் இறங்கிட்டார்னு ஊர் நினைச்சா அடுத்த நாள்ல இருந்து கடன் கொடுக்கற கை யோசிக்கும். அவருக்கு அந்தக் கார் நிமிர்ந்து நிக்கறது வெறும் வீம்பு இல்லை, தொழிலோட ஒரு பாகம். இதை எந்த காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துலயும் எந்தக் கலத்துல எழுதறதுன்னு போடலை.

நடுவுல புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். "ஏனுங்க இத்தனை ரோசனை? வித்துருங்க. பார்க்க வர்றப்ப ஸ்டார்ட் பண்ணி ஏத்தி நிறுத்திட்டா ஒண்ணும் தெரியாதுங்க."

அப்பா பட்டுனு சொன்னார், "அதெல்லாம் வேண்டாமுங்க. ஜாயிண்ட் ஆடுதுன்னு தெரிஞ்சு ஒருத்தன் தலையில கட்டறதா? வாங்கறவன் வீட்டுலயும் பொண்டு புள்ளைக இருக்குமுங்க."

புரோக்கர் போனதுக்கு அப்புறம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அப்ப நம்ம வீட்டுப் பொண்டு புள்ளைகளை மட்டும் எப்படிங்கப்பா ஏத்தறோம்?"

கொஞ்ச நேரம் பேசலை. அடுத்த நாள் காலையில ஒர்க்‌ஷாப்புக்கு அவரே போன் பண்ணினார்.

எனக்கு இதுல தோணினது என்னன்னா, நம்ம பக்கம் இது தெரியாத விஷயமே இல்லை. சங்ககிரி, நாமக்கல்னு லாரித் தொழில்ல ஊறின மண்ணு இது. கேபின்ல பெயிண்ட் உரிஞ்சா உரியட்டும்னு விடற லாரிக்காரர், கிங்பின் ஆடுதுன்னா வண்டியை எடுக்க மாட்டார். எட்டு வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கு அது கிடையாது. முதல் 15 வருஷம் ஆர்.சி. அப்படியே ஓடும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அதுக்கான கட்டணம் 600-ல இருந்து 5,000 ஆச்சு. நாங்களும் 2024-ல கட்டினோம். கட்டணம் ஏறிடுச்சேன்னு புலம்பின நாங்க, ஒரு புதுப்பித்தலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அஞ்சு வருஷம் அடியில குனிஞ்சு பார்க்க வேண்டியது நாமதான்னு நினைக்கவே இல்லை. லாரியில ஏறினா ஒழுங்கா வேலை செய்யற அதே மூளை, சொகுசுக் காருக்கு வந்தா மட்டும் வாசல்ல நிக்கற அழகைப் பார்க்குது.

கோவை அவினாசி ரோட்டுல 2015-ல திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போயிருக்கீங்களா? அங்கே இருக்கற பழைய கார்கள் நின்னா போதும். அதனால மெருகு முக்கியம். நம்ம கார் ஓடணும். ஓடற காருக்கு முதல் செலவு, யாரும் பார்க்காத இடத்துலதான்.

"இவ்வளவு செலவுக்கு வித்துத் தொலைக்கலாமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அப்பாகிட்ட 'இதுவரைக்கும் எவ்வளவு போட்டாச்சு தெரியுமா'ங்கற வாதம் எப்பவும் இருக்கும். அது போன காசு, முடிவுல சேரக் கூடாதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் பார்க்கறது இனிமே போடப் போற காசை மட்டும்தான். உயிர்நாடிச் செலவை உண்மையைச் சொல்லி விக்கறதா இருந்தாலும் பண்ணித்தான் ஆகணும், வெச்சிருந்தாலும் பண்ணித்தான் ஆகணும். ஸ்ட்ரட் செலவு வரும்போதுதான் வெச்சுக்கறதா, விக்கறதாங்கற கேள்வியே வருது. அந்தக் கேள்விக்குத் தை மாசம் வரைக்கும் டைம் வாங்கியிருக்கோம். அதுக்கு மேல கசிய விட்டா கம்ப்ரஸரும் கணக்குல சேர்ந்துக்கும். அப்பா வெச்சுக்கலாம்ங்கறார். நான் விக்கலாம்ங்கறேன். அம்மா ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்றாங்க.

ஜாயிண்ட் மாத்தின அன்னிக்குப் பழசை அந்த அண்ணன் அப்பா கையில கொடுத்தார். புதுசுல அந்தக் குமிழைத் திருப்ப முஷ்டி பலம் வேணும். பழசு அப்பாவோட ஒத்தை விரல்ல லொட லொடன்னு ஆடுச்சு. வீடு வர்ற வரைக்கும் அதை மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தார்.

உறுதி வார்த்தை அன்னிக்குக் காலையில, வழக்கம் போல கார் வலது மூலையில படுத்துத்தான் இருந்தது. மாப்பிள்ளையோட பெரியப்பா பார்த்துட்டு, "ஏனுங் சம்பந்தி, காரு உக்காந்துருக்குது?"ன்னார்.

"வயசாச்சுங்க, வந்தவங்களுக்குக் கும்பிடு போடுதுங்க"ன்னார் அப்பா.

எல்லாரும் சிரிச்சாங்க. சாயங்காலம் அதே காருல அக்காவையும் அம்முச்சியையும் பவானி கோயிலுக்குக் கூட்டிப் போனார். பள்ளத்துல 'டொக்' கேக்கலை.

உங்க வீட்டுலயும் இருபது வயசு வண்டி ஏதாவது நிக்குதா? காரோ, மொபெட்டோ, எதுவா இருந்தாலும் சரி. பாலிஷ் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்க.